பின்னால் போகாத கார்

என் அக்கா வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ். பதினெட்டு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நின்று நின்று கால் நரம்பெல்லாம் சுருண்ட பிறகு இந்த வேலை கிடைத்தது. சொந்தக் கார் இருக்க வேண்டும், மூன்று மாதம் ஒரு வீடும் தவறாமல் போய்க் காட்ட வேண்டும், அப்புறம்தான் நிரந்தரம் என்றது கம்பெனி. பழைய கார் ஒன்றைத் தேடிப் பிடித்து, பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டாள்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவனுக்கு விமானமும் தெரியும் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. அதை நானும் கெடுத்ததில்லை. லிஃப்டில் எதைப் பார்ப்பேனோ அதையேதான் காரிலும் பார்த்தேன். நான்கு கதவையும் பத்துத் தடவை திறந்து மூடினேன். பிரேக்கைச் சோதித்தேன். விற்றவர் வண்டியைத் தெருவைப் பார்க்கத் திருப்பித் தயாராக நிறுத்தியிருந்தார். மரியாதை தெரிந்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "கண்ணை மூடிக்கிட்டு வாங்குக்கா" என்றேன். அவளும் அப்படியே வாங்கினாள்.

மறுநாள் காலை ரிவர்ஸ் கியர் விழவில்லை. கரகரவென்று சத்தம் வந்ததே தவிர, கார் ஓர் அங்குலம் பின்னால் நகரவில்லை. ஏறுகிற லிஃப்ட் இறங்குமா என்று பார்த்தே சம்பளம் வாங்குகிறவன், முன்னால் போகிற கார் பின்னால் வருமா என்று பார்க்கவில்லை. வெட்கக்கேடு. கியர் பாக்ஸைக் கழற்றி இறக்கணும், சாமான் வர இரண்டு வாரம் ஆகும் என்றார் மெக்கானிக். இரண்டு வாரம் வண்டி இல்லாவிட்டால் வேலை போய்விடும். அக்கா சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு முன்னால் போவது ஒன்றுதான் வழி. முட்டுச்சந்து என்றால் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். இன்னொரு கார் வந்து மூக்கை அடைக்காத இடமாகப் பார்த்து நிறுத்துவாள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. போன் அடித்தாலே அக்காதானோ என்று ஓடிப் போய் எடுத்தேன். அத்தான் என்னை ஒரு வார்த்தை கேட்காதது அதைவிட அரித்தது. குடிக்கிற தண்ணீரிலும் குறை கண்டுபிடிக்கிற மனிதர் அவர்.

கம்பெனி சொன்ன மூன்று மாதத்தில் மூன்று வாரம் பாக்கி இருந்தபோது அந்தப் போன் வந்தது. "டேய், உடனே கொஞ்சம் வரியா?"

போனேன். ஒரு பெரியவருக்குக் கால் புண்ணிலிருந்து ரத்தம் கொட்டுகிறது என்று அவர் மகள் அலறியிருக்கிறாள். அவசரத்தில் அக்கா எல்லாவற்றையும் மறந்து, சந்துக்குள் வாசல்வரை ஓட்டிப் போய்விட்டாள். ரத்தத்தை நிறுத்தியாகிவிட்டது. கார் சந்து முடிகிற சுவருக்கு ஓரடி முன்னால் நின்றது. இன்னும் நான்கு வீடு பாக்கி. "அடுத்த வீட்டுக்கு ஏன் இன்னும் போகலை?" என்று கம்பெனியிலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்களாம்.

சுவருக்கும் காருக்கும் நடுவில் ஒடுங்கி நின்று தள்ளினேன். அக்கா ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்று தள்ளினாள். மூச்சு வாங்கியது.

"அத்தான் ஏன்கா என்னை ஒண்ணும் கேக்கல?"

"உன்னை எதுக்குக் கேக்கணும்? நானே பாத்து வாங்கினேன்னு சொல்லியிருக்கேன்."

"என்னக்கா இது?"

"சாப்பிட உக்காந்தா தினம் எனக்கு அர்ச்சனை நடக்குது. திட்டு வாங்க ஒரு ஆள் போதாதாடா? தள்ளு." தள்ளிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "வேலை போயிடுமோன்னு பயமா இருக்குடா."

கார் தெருவுக்கு வந்து சேர்ந்தது. அங்கேயே நின்று என் ஆபீசுக்குப் போன் போட்டு மூன்று வாரம் லீவு கேட்டேன். எதற்கு என்றார் மேலாளர். "அக்கா காருக்கு ரிவர்ஸ் கியரா போறேன் சார்" என்றேன். அவர் விளக்கம் கேட்பதற்குள் வைத்துவிட்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து அத்தான் நம்பரைத் தேடினேன். அக்கா வண்டியை எடுத்துக்கொண்டே ஒரு கையால் போனைப் பிடுங்கப் பார்த்தாள். நான் கொடுக்கவில்லை.