நாக்கு லீவு போட்ட வருடம்

முதல் அறிகுறிக்குக் கைதட்டல் கிடைத்தது. வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

நெருப்பெரிச்சல் என்கிற எங்கள் ஊரில் ஒரு பனியன் கம்பெனியின் ஆயுத பூஜை விழா. மெஷின்களுக்குச் சந்தனம் வைத்து, பொரி கொடுத்து முடித்ததும் எங்கள் காமெடி. செல்வராசு கட்டிங் மாஸ்டர், நான் பிளாட்லாக் மெஷினில் தைக்கிற டெய்லர். விழா என்றால் அவன் சிரிக்க வைப்பான். நான் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பேன். பதினாறு வருடப் பழக்கம். கடவாயில் பாக்கை அடக்கிக்கொண்டு திட்டுகிற சூப்பர்வைசராக அவன் பேசினால், நிஜ சூப்பர்வைசர்களே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அன்று பேச்சு வழக்கத்தைவிட அதிகமாகக் குழறியது. வாயின் வலது ஓரம் இறங்கியிருந்தது. மைக்கை இடது கைக்கு மாற்றினான்; வலது கை சும்மா தொங்கியது. என்னிடம் சொல்லாமல் புதிதாக ஏதோ சேர்த்துவிட்டான் என்று எனக்குப் பொறாமையே வந்தது. "பாக்கத் துப்பிட்டுப் பேசுங்க சார்!" என்று என் வரியைச் சொன்னேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவன் என்னையே பார்த்தான். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, அதே வரியை இன்னொரு தடவை சொன்னேன். அப்போதுதான் சரிந்தான்.

முன்வரிசையிலிருந்து அவன் மனைவி மணிமேகலை ஓடி வந்தாள். அந்தக் கூட்டத்தில் சிரிக்காமல் இருந்தது அவள் ஒருத்திதான்.

"எத்தன மணிக்கு ஆரம்பிச்சுதுங்க?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "காமெடின்னு நெனச்சுட்டோமுங்க" என்றேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது). அதோடு அபேசியா (மனதில் இருக்கும் சொல் வாய்க்கு வராமல் போவது). இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: முகம் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சு குழறினால், ஆள் எவ்வளவு பெரிய வேடிக்கைக்காரனாக இருந்தாலும் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மூன்று வாரத்தில் பிடித்துக்கொண்டு நடந்தான். பேச்சு மட்டும் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் "அது, அது" என்பான். என் பெயருக்கும் அதேதான். இனி மேடை ஏறுவானா என்று மணிமேகலை ஒருநாள்கூடக் கேட்கவில்லை. நான் தினமும் டாக்டரிடம் கேட்டேன்.

பேச்சுப் பயிற்சி தருகிற பெண் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொன்னார். அவன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவர் நோட்டில் சுழியம் போட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் மணிமேகலை துவைத்த துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் செக்கிங் வேலை பார்ப்பவள். பீஸ் எண்ணும்போது எங்கள் ஊரில் ஒன்று என்று தொடங்குவதில்லை, லாபம் என்றுதான் தொடங்குவோம். அதற்கென்று ஒரு ராகமும் உண்டு. "லாபம்... ரெண்டு..." என்று இழுத்தாள். கட்டிலிலிருந்து "மூணு..." என்று குரல் வந்தது. அதே ராகத்தில்.

துண்டு ஆறுதான் இருந்தது. அவன் பதினாலுவரை எண்ணினான். துண்டு தீர்ந்த பிறகும் அவள் வெறுங்கையால் மடித்துக்கொண்டே அழுதாள்.

மறுநாள் பயிற்சியில் "லாபம்" என்று ஆரம்பித்தான். அந்தப் பெண் தவறு என்று குறிக்கப் போனார். "இல்லீங்க, அதுதானுங்க ஒண்ணு" என்று மணிமேகலை தடுத்தாள். அவர் சிரித்துவிட்டு விளக்கினார்: பேச்சு வராத சிலருக்குப் பாட்டு வரும், வாய்ப்பாடு போலப் பழகியதும் வரும். "இனி எல்லாமே ராகத்துலயே கேளுங்க" என்றார்.

அப்படித்தான் அவன் பாட்டுக்காரன் ஆனான். முதலில் ராகத்தை முனகுவான். சொல் இருக்க வேண்டிய இடத்தில் நின்றுவிடுவான். நாங்கள் ஆளுக்கொன்று சொல்வோம். தலையாட்டி மறுப்பான், சில சமயம் இடது கையால் என் தொடையில் அடிப்பான். அவன் தேடிய சொல் வந்துவிட்டால், கோணிய வாயோடு ஒரு சிரிப்பு. நான்கு வரிக்கு ஒரு மாதம் ஆனது. நானாக இருந்தால் நான்காம் நாளே விட்டிருப்பேன். இன்று அவனிடம் பதினோரு பாட்டு இருக்கிறது. எல்லாம் அவனே கட்டியவை. காதர்பேட்டை பனியன் கடைக்காரர்கள்கூட அவற்றைச் செல்போனில் வைத்திருக்கிறார்கள். அவனுக்கு ரிதம் பேட் வாசிக்கிறேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கர்வம்தான்.

ஆனால் முதல் மேடையைச் சொல்லியாக வேண்டும். அடுத்த ஆயுத பூஜை, அதே கம்பெனி. "வந்து நின்னாப் போதுமுங்க" என்றார் முதலாளி. கோணிய வாயைப் பார்த்து யாராவது பழைய ஞாபகத்தில் சிரித்துவிடுவார்களோ என்று நான் வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான்:

"லாபம், ரெண்டு, மூணு, நாலு,
நாக்கு மட்டும் லீவு போட்டுது;
ஊட்டுக்காரி எண்ணிக் குடுத்தா,
ஒவ்வொண்ணாத் திரும்பி வந்துது."

இரண்டாவது சுற்றில், நடுவில் நின்றுவிட்டான். வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. ஒருத்தரும் சிரிக்கவில்லை. மறுபடியும் அதேதானோ என்று நான் குச்சியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடி, அவன் வலது கையைப் பிடித்துத் தூக்கினேன். "மாப்ள, கையத் தூக்கு! என்னயப் பாரு!"

பார்த்தான். மைக்கை நெருங்கி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான். ராகம் இல்லாமல்.

"பாக்கு... துப்பீட்டேன். நீ... அடி, மாப்ள."

கூட்டம் எழுந்துவிட்டது. முன்வரிசையில் மணிமேகலை அன்று சிரித்தாள். நான் நாற்காலிக்குத் திரும்பினேன், எதுவும் சரியாகத் தெரியவில்லை, எப்படியோ குச்சியைத் தேடி எடுத்தேன்.

முன்பெல்லாம் அவன் அரை நொடி நின்றால் நான் என் வரியைப் போட்டுவிடுவேன். இப்போது அவன் நின்றால் நானும் நிற்கிறேன். அவன் சிரிக்கும்போது வாயின் இடது ஓரம் முதலில் போகும், வலது ஓரம் கொஞ்சம் பொறுத்துப் போகும். அது போய்ச் சேர்ந்த பிறகுதான் அடுத்த அடியை அடிக்கிறேன்.