மீட்டர் பெட்டிக்குக் காவல்

எங்கள் வீட்டுப் பின்சுவரில் ஒரு பழைய மரப்பெட்டி இருந்தது. ஒரு காலத்தில் கரன்ட் மீட்டர் அதற்குள்தான் இருந்ததாம். புது மீட்டரை வாசல் பக்கம் மாற்றிய பிறகு பெட்டிக்கு வேலை போய்விட்டது, ஆனாலும் யாரும் அதைச் சுவரிலிருந்து கழற்றவில்லை. எனக்கு எட்டு வயது இருக்கும்போது ஒருநாள் அந்தப் பெட்டி சத்தம் போட ஆரம்பித்தது.

அப்பா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலையில் இருந்தார். மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார் என்பது அவரே அவரைப் பற்றிப் பரப்பிவைத்திருந்த பெருமை. பெட்டிக்கு முன்னால் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டார். சுவரில் கரன்ட் லீக் ஆகிறது, யாரும் கிட்டே போகக்கூடாது என்றார். மெயின் சுவிட்சை அணைத்தார். வீட்டில் ஃபேன் நின்றது, பெட்டி நிற்கவில்லை. பிறகு டெஸ்டரைக் கொண்டுபோய்ப் பெட்டியில் இருந்த ஓட்டைக்குள் விட்டார். லீக்கேஜ் வெளியே பறந்துவந்து அவர் கட்டைவிரலில் கொட்டியது. அம்மா சுண்ணாம்பு தடவிவிட்டாள். தடவி முடிக்கிறவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தவள் அப்புறம் முடியாமல் அடுப்படிக்குள் ஓடிவிட்டாள்.

தேனீக்கள் வந்த நேரம்தான் சரியில்லை. எங்கள் தெருவில் மாடி கட்டிக் கம்பெனிப் பையன்களுக்கு ரூம் விடாதவை எங்கள் வீடும் பிள்ளையார் கோயிலும்தான். அப்பாவும் மாடி போடுவதென்று முடிவு செய்திருந்தார். ரூம்களை வாடகைக்கு விட்டாலும் ஒன்று மட்டும் எனக்கு என்று சொல்லியிருந்தார். அந்த ரூமுக்கு என்ன பெயின்ட், ஜன்னல் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லி முடித்திருந்தேன். மாடிப்படி பின்சுவரை ஒட்டித்தான் ஏறவேண்டும். அதற்குச் சுவரில் ஒரு பகுதியை இடிக்கவேண்டும், அந்தப் பகுதியில்தான் பெட்டி இருந்தது.

மேஸ்திரி முதல் தடவை வந்தபோது வழக்கமாக எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். வீட்டில் யாராவது மாசமாக இருக்கிறார்களா, இருந்தால் சுவரில் கை வைக்கமாட்டேன் என்றார். எங்கள் பக்கத்தில் இதில் எல்லோருமே கண்டிப்பு. வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் ஆணிகூட அடிக்கமாட்டார்கள். அதெல்லாம் இல்லை மேஸ்திரி என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அந்தப் பேச்சு காதில் ஏறவேயில்லை. ஜன்னலைப் பற்றி எப்போது பேசுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். தேன்கூடு ஒரு விஷயமே இல்லை, ஒரு பந்தத்தைக் காட்டினால் போய்விடும் என்று சொல்லிவிட்டு மேஸ்திரி போனார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அம்மா திடீரென்று தேனீக்களின் பக்கம் சேர்ந்துவிட்டாள்.

"கூடு கட்டிக்கினு கீறதக் கலைக்கிறது பாவம்ங்க. அதுங்களா போவட்டும்" என்றாள்.

பல்லியைத் துடைப்பத்தால் அடித்துத் துரத்துகிறவள் அம்மா. எறும்புப் புற்றில் சுடுதண்ணீர் ஊற்றுகிறவள். அவளுக்கு எங்கிருந்து இந்த ஜீவகாருண்யம் வந்ததென்று அப்பாவுக்கும் புரியவில்லை. இரண்டு நாள் கத்தினார். மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா அவரைத் துணி துவைக்கிற கல்லுப் பக்கம் கூட்டிப்போய் ஏதோ பேசினாள். திரும்பி வந்த அப்பா வேறு ஆள். தேனீ இல்லாவிட்டால் உலகத்தில் விவசாயமே கிடையாது தெரியுமா என்று என்னைக் கேட்டார். விவசாயத்தை விட்டுக் கம்பெனிக்குப் போன மனிதர் இப்படிக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என் ரூம் போச்சு என்பது மட்டும் தெரிந்தது.

என் அழுகையைக் கேட்க ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். அம்மாவின் தம்பி. தண்டலத்தில் தங்கி வேலை பார்த்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அக்கா மேல் உயிர், என் மேல் அதைவிட. கேவலம் ஒரு தேன்கூட்டுக்காகவா அக்கா வீடு கட்டாமல் இருக்கிறாள் என்று அவருக்கு மனசு தாங்கவில்லை. அக்காவுக்குப் பயம், வெளியே சொல்லக் கூச்சம், அதுதான் பாவம் புண்ணியம் என்கிறாள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். அடுத்த ஞாயிறு யாரிடமும் சொல்லாமல் ஏற்பாடுகளோடு வந்தார்.

ஏற்பாடு என்றால் ஹெல்மெட், மழைக்கோட்டு, கம்பெனியில் கொடுத்த கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. புகை போட முட்டைக்கடையில் வாங்கிய அட்டைகள். இடுப்புக்கு மேலே ராக்கெட்டில் ஏறப்போகிறவர்போல இருந்தார். கீழே லுங்கி.

அட்டை புகைந்தது. மாமா பெட்டியின் கதவை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். உள்ளே வெள்ளையும் மஞ்சளுமாக அடைகள் அடுக்காகத் தொங்கியதை நான் பார்த்தேன். அவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைக்கவேயில்லை. மாமா அடையை அறுத்ததும் அத்தனையும் ஒரேயடியாகக் கிளம்பின. ஹெல்மெட்டையும் கோட்டையும் அவை சட்டை செய்யவில்லை, லுங்கி வழியாக உள்ளே போய்விட்டன. வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்பார்களே, அதை அன்றைக்கு நேரில் பார்த்தேன். மாமா லுங்கியை உதறிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார்.

அந்தச் சமயம் பார்த்து அம்மா துணி எடுக்கப் பின்வாசலுக்கு வந்தாள். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த அப்பா போர்வையோடு எழுந்து ஓடிவந்தார். எனக்குப் புருவத்தில் ஒன்று கொட்டியிருந்தது. அப்பா என்னிடம்தான் வருகிறார் என்று கையை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போய்விட்டார். அம்மாவைத் தலையிலிருந்து கால்வரை போர்வையால் சுற்றி, தூக்காத குறையாக உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். பிறகுதான் எனக்காக வந்தார். அவர் முதுகில் எத்தனை கொடுக்கு இருந்தது என்று அப்புறம் அம்மா பிடுங்கும்போது பார்த்தேன். ஆனாலும் என்னைத் தாண்டிப் போனதை மன்னிக்க எனக்கு ரொம்ப நாள் ஆனது.

அதுவரை அப்பா மாமாவை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு, "உன்னை யாருடா கேட்டது? வெளிய போடா" என்றார். வீங்கிய கால்களோடு மாமா நொண்டிக்கொண்டே போய் வண்டியை எடுத்தார். அறுந்து விழுந்த அடையில் கிடைத்த ஒரு டம்ளர் தேன் மட்டும் அடுப்படியில் இருந்தது. அம்மா அதைத் தொடவில்லை, உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். தம்பியைத் திட்டிவிட்டார்களே என்று அழுகிறாள் என்று நினைத்தேன்.

தேனீக்கள் முருங்கைமரத்தில் கொத்தாகத் தொங்கிவிட்டு மத்தியானம் எங்கேயோ போய்விட்டன. அப்பா பெட்டிக் கதவைச் சாத்தி ஒயரால் இறுக்கிக் கட்டினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தடை நீங்கியது, இனி ரூம்தான்.

சமாச்சாரம் எப்படியோ தெரிந்து மேஸ்திரி நூல்கயிறோடு வந்து நின்றார். அப்பா கண்ணைக்கூடச் சிமிட்டாமல், கூடு இன்னும் உள்ளேதான் இருக்கிறது, சித்திரையில்தான் அதுகள் கிளம்புமாம் என்றார். மேஸ்திரி பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே ஒரு சத்தமும் கிடையாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும், காலையில் நானே கேட்டிருந்தேன். அவர் திரும்பி, பின்வாசலில் மெதுவாகக் காலை எடுத்து வைத்துவந்த அம்மாவை ஒரு தடவை பார்த்தார்.

"ஆமா சார். உள்ள பலமாத்தான் கீது. சித்திரை ஆவட்டும், வரேன்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா என் தோளில் கை வைத்தார். மேஸ்திரி போனதும் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டார்.

"பாப்பா, பொட்டி காலின்னு எனக்கும் தெரியும். யாராண்டயும் சொல்லாத. மாமாவாண்டகூட. நீதான் பாத்துக்கணும்."

பங்குனியில் தம்பி பிறந்தான். அவனுக்கு முன்னால் அம்மா இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தாள், என்னிடம் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள். ஊருக்குச் சொல்லிச் சொல்லியே கண்பட்டுப் போச்சு, இந்தத் தடவை வயிறு தானாகத் தெரிகிறவரை கூடப்பிறந்தவனுக்குக்கூடச் சொல்லக்கூடாது என்று அவள் உறுதியாக இருந்திருக்கிறாள். சுவரையும் இடிக்கக்கூடாது, ஏன் என்றும் சொல்லக்கூடாது. அந்த இக்கட்டில் அவளுக்குக் கிடைத்த ஒரே சாக்கு தேன்கூடு. பாவம் மாமா, பாசத்தில் வந்து அதைப் போய்க் கலைத்துவிட்டார். விஷயம் தெரிந்த அன்றைக்கே ஒரு கூடை சாத்துக்குடியோடு வந்து நின்றார். அப்பா வாசல்வரை போய், "வா மச்சான்" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். மாடி அடுத்து வந்த ஆடியில்தான் தயாரானது. என் ரூமுக்குத் திருநெல்வேலிப் பையன்கள் நான்கு பேர் வந்தார்கள்.

ஆனால் இதெல்லாம் எனக்குத் தெரிய வருஷங்கள் ஆயின. அந்தப் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் எனக்குத் தெரிந்தது என் வேலை மட்டும்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு குச்சியோடு பெட்டிக்கடியில் நிற்பேன். பந்து எடுக்க வருகிற பையன்களை விரட்டுவேன். இன்னுமா போகவில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டால், "நெறைய கீது, கிட்ட வராதீங்க" என்பேன். அம்மா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே பார்ப்பாள். காவல்காரிக்குக் கூலி என்று கூப்பிட்டு வறுத்த வேர்க்கடலையை என் கையில் கொட்டுவாள், ஷிப்ட் முடிந்து வருகிற அப்பா எல்லாம் பத்திரமா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். நான் கடலையை மென்றுகொண்டே பத்திரம் என்பேன். ஒன்றுமே இல்லாத பெட்டியைக் காக்க எனக்குக் கூலி வேறு கொடுக்கிறார்களே, இவ்வளவு ஏமாளிகளாக இருக்கிறார்களே என்று அவர்கள் இரண்டு பேரையும் நினைத்து எனக்குப் பாவமாக இருக்கும்.