ஸ்டியரிங்கில் சுறா எண்ணெய்

எண்பதுகளின் தொடக்கத்தில், பழவேற்காட்டு வியாபாரி ஒருவர் வீட்டுக் கொட்டகையில் கிடந்த பழைய அமெரிக்கக் காரை வாங்கி, சரிசெய்துகொண்டிருந்தேன். அதன் பவர் ஸ்டியரிங்குக்கு பம்ப், ஹோஸ், ஆயில் சீல் எல்லாம் மதராஸில் அலைந்து பிடித்து, பொன்னேரி மெக்கானிக்கை வைத்து மாற்றினேன். சில வாரங்களில் சீலின் ரப்பர் உப்பிப்போய் ஒழுகியது. வேறு சீல் வாங்கிக் கொடுத்தேன், அதுவும் ஒழுகியது. புதுசை அமுக்கிக்கொண்டு எங்கிருந்தோ பழசைக் கொண்டுவந்து மாட்டுகிறார் என்று முடிவுகட்டினேன். அடுத்த முறை பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா சார், போலீஸு மாதிரி பாக்கறீங்க?" என்றார்.

அதுவும் ஒழுகியது. ஒரு காலையில் பார்த்தால், காருக்கு அடியில் பூனைகள் தரையை நக்கிக்கொண்டிருந்தன. குனிந்து, சொட்டிய எண்ணெயைத் தொட்டு மோந்தேன். சுறா எண்ணெய். என் அப்பா, நைனா, தன் படகுப் பலகைக்குப் பூசுகிற அதே எண்ணெய்.

"ஆயிலு கொறஞ்சி இருந்துச்சினு நான்தான் அப்பப்ப ஊத்தினேன்" என்றார் நைனா. "மரமே கெடல, இரும்பு இன்னா ஆவப்போவுது?"

மெக்கானிக்கிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என்னையும் நைனாவையும் மாறி மாறிப் பார்த்தார். அதன்பிறகு எங்கள் வீட்டில் கொடுக்கிற டீயைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.