சிவப்புக் கட்டம்

திரையில் ஒரு சிவப்புக் கட்டம். அதற்குள் வரிசை வரிசையாக மனிதர்கள். மிக உயரத்திலிருந்து எடுத்த, ஒலியில்லாத படம். குபெர்டினோவில் நான் வேலை பார்த்த காலத்தை நினைத்தால் முதலில் கண்ணில் நிற்பது அதுதான். வங்கிகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்துகொண்டிருந்த வருடம். கடைவீதிக் கூட்டத்தை எண்ணுவதற்காக நாங்கள் எழுதிய மென்பொருளை, ராணுவத்துக்குச் சாமான் விற்கும் கம்பெனி ஒன்று வாங்க வந்தது. ஆளில்லா விமானத்தில் வைப்பார்களாம். சாதாரணக் கூட்டத்துக்குப் பச்சைக் கட்டம், ஆபத்தான கூட்டத்துக்குச் சிவப்பு. சிவப்பின் மேல் குண்டு விழலாம் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எங்கள் டீம் லீடை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். காயல்பட்டினத்துக்காரர். வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வரும்போது சமோசா வாங்கி வருவார், அதனாலேயே வெள்ளிக்கிழமை மீட்டிங்குக்கு ஒருவரும் மட்டம் போடுவதில்லை. க்ரீன் கார்டுக்கு வருடக்கணக்காகக் காத்திருந்தார். வேலை போனால் குடும்பத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சோதனையில் சிவப்புக் கட்டம் விழுந்ததும் டீமே கைதட்டியது. பாய் மட்டும் படத்தைத் திரும்ப ஓட்டச் சொன்னார்.

"இவங்க யாருமே குனியல, பாத்தியாம்மா? ஜனாஸா தொழுகையில குனிய மாட்டோம். முன்னாடி நீளமா இருக்கே, அது ஆயுதமில்ல, சந்தூக்கு. உள்ள மய்யித்து இருக்கு."

இறந்தவரின் உடலைப் பெட்டியில் முன்னால் வைத்து, அடக்கம் செய்யுமுன் நின்றபடியே தொழும் தொழுகை. தோளோடு தோள் சேர்த்து, வரிசை பிசகாமல் நிற்பது அவர்கள் வழக்கம். அந்த ஒழுங்கைத்தான் எங்கள் மென்பொருள் படைப்பயிற்சி என்று எடுத்துக்கொண்டிருந்தது.

மேனேஜரும் தமிழர்தான். "அதெல்லாம் கஸ்டமர் பாத்துப்பான் பாய். நீங்க அப்ரூவ் பண்ணுங்க. க்ரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்கு, மறந்துடாதீங்க" என்றார்.

"என்னால ஆகாது சார்" என்றார் பாய். குரல்கூட உயரவில்லை.

அடுத்த ஆட்குறைப்பில் முதல் ஆள் அவர்தான். வேறொருவர் ஒப்புதல் கொடுத்தார், மென்பொருள் போய்ச் சேர்ந்தது. எந்த வானத்துக்கு என்று இன்றுவரை தெரியாது. மனித உரிமைக்காரர்கள் அறிக்கை விடுகிறார்கள், ராணுவம் வருத்தம் தெரிவிக்கிறது, மறுபடி எங்கோ ஒரு கூட்டத்தின் மேல் குண்டு விழுகிறது. செய்தியைப் படித்தால் எனக்கு இப்போது கோபம்கூட வருவதில்லை. அலுப்புத்தான் வருகிறது.

போன மாதம் பாயின் மகளுக்கு இங்கே நிக்காஹ். இங்கே பிறந்து, ஊரில் வளர்ந்து, படிக்கத் திரும்பி வந்தவள். பாய் விசிட்டர் விசாவில் வந்திருந்தார், தாடி முழுக்க நரைத்திருந்தது. சாப்பாடு முடிந்ததும் போட்டோக்காரர் எல்லோரையும் புல்வெளியில் வரிசையாக நிறுத்தினார். சின்ன ட்ரோன் ஒன்று ரீங்காரத்தோடு மேலே ஏறியது. அவர் கையிலிருந்த திரையில் எங்கள் தலைகளைச் சுற்றிக் கட்டங்கள் விழுந்தன. பச்சைக் கட்டங்கள்தான்.

"வாப்பா, ஃப்ரண்ட் ரோ உங்களுக்குத்தான், வாங்க" என்றாள் மகள்.

பாய் அண்ணாந்து பார்த்தார். பிறகு விறுவிறுவென்று முன்னால் வந்து இரண்டு கைகளையும் வீசினார்.

"வரிசையா நிக்காதீங்க. கலைஞ்சு நில்லுங்க."

படம் அழகாக வருவதற்குச் சொல்கிறார் என்று நினைத்து, எல்லோரும் சிரித்துக்கொண்டே கலைந்து நின்றார்கள். கடைசி வரிசையும் கலையும்வரை பாய் கைகளை இறக்கவில்லை.