பக்கிரிசாமி அண்ணன் கொடுத்த காந்தம்

பக்கிரிசாமி அண்ணனைப் பற்றிப் பேச எனக்கு அருகதை இல்லை. ஆனால் அருகதை உள்ளவர் என்று எங்கள் தொழிற்சாலையில் ஒருவரும் இல்லாததால், நானே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றிரண்டில் நாங்கள் மூன்று பேர் ஜார்ஜ்டவுனிலிருந்து புக்கிட் தெங்காவுக்கு வேலைக்குப் போய்வந்தோம். காலையில் பெரிப் படகில் கடலைக் கடந்து அக்கரையில் இறங்கினால் கம்பெனி பஸ். நான் செய்து முடித்த சாமான்களை அளந்து பார்க்கிற பிரிவில் இருந்தேன். என் வீட்டுக்காரர் சுப்பையா, சுழலும் கட்டரால் அலுமினியத்தைத் தானாகச் செதுக்குகிற சிஎன்சி மில்லிங் மெஷின் ஓட்டினார். பக்கிரிசாமி அண்ணன் செட்டர். புது வேலை வந்தால் கட்டரைப் பூட்டி, முதல் சாமானை ஓட்டிச் சரிபார்த்து, அதன் பிறகு மெஷினை ஆட்கள் கையில் ஒப்படைப்பார்.

அண்ணனுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. தாசேக் கெலுகோர் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். பெற்றோர் போய்விட்டார்கள். ஒரே தங்கை ஜொகூரில். ஒரு முறை பெண் பார்த்து நிச்சயம்வரை போய் நின்றுபோனதாம், பிறகு யாரும் அவருக்காக மெனக்கெடவில்லை. கேம்பல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடை மாடியில் அறை எடுத்துத் தனியாக இருந்தார். பேச்சு வராது. நாம் ஒன்று கேட்டால் பதிலை யோசித்துச் சொல்வதற்குள் நாம் எழுந்து போயிருப்போம். கேன்டீனில் குழாயடிப் பக்கம் இருந்த மேசையில் ஆறு வருடம் ஒற்றை ஆளாகச் சாப்பிட்டார். அதை நாங்கள் கவனித்ததுகூட இல்லை.

அந்த மேசைக்கு ஆள் சேர்ந்ததே காந்தத்தால்தான்.

மில்லிங் மெஷினுக்கு முன்னால் ஓர் இழுவைக் கதவு உண்டு. திறந்திருந்தால் மெஷின் ஓடாது. ஓடும்போது திறந்தாலும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். கையைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. கதவின் ஓரத்தில் ஒரு காந்தம், சட்டத்தில் ஒரு சுவிட்ச். காந்தம் எதிரே வந்து நின்றால் கதவு மூடியாகிவிட்டது என்று சுவிட்ச் நம்பிவிடும். யார் வீட்டுக் காந்தம் என்றெல்லாம் அது விசாரிப்பதில்லை.

அண்ணன் ரோப் வாக் பழைய சாமான் சந்தையில் ஒரு ரேடியோ வாங்கி, ஸ்பீக்கரை உடைத்து, உள்ளே இருந்த காந்தத்தை எடுத்து வந்தார். கதவுக் கண்ணாடியில் எண்ணெய்த் தண்ணீர் தெறித்து உள்ளே ஒன்றும் தெரியாது, காந்தத்தைச் சுவிட்சில் ஒட்டிக் கதவைத் திறந்தபடி முதல் வெட்டைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தனக்கு மட்டும் செய்துகொண்டது அது. மெஷின் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். கதவைத் திறந்து வைத்தபடியே ஓட்டினால் ஒரு ஷிப்டுக்கு நாற்பது சாமான் ஐம்பதாகும். எனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று ஏழு பேர் கேட்டார்கள். ஏழு பேருக்கும் செய்து கொடுத்தார். சூப்பர்வைசர் சீனி முகம்மதுக்கும் விஷயம் தெரியும். எண்ணிக்கை ஏறுகிறதே என்று அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

குழாயடி மேசை நிரம்பியது. அண்ணன் மெஷின் சத்தத்தை வாயால் செய்து காட்டி, இது மழுங்கின கட்டர், இது நல்ல கட்டர் என்பார். எல்லாரும் சிரிப்போம். அந்த வருடத் தீபாவளிக்கு ஏழு வீட்டில் சாப்பிட்டார். எங்கள் வீடு நான்காவது. வயிறு முட்ட வந்தவர், வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல் மறுபடி உட்கார்ந்து தோசை சாப்பிட்டார். பார்க்கவே பாவமாக இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

காந்தத்துக்கு ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். அவரவர் காந்தத்தை வேலை முடிந்ததும் கழற்றி அவரவர் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். காந்தம் பாக்கெட்டில் இருந்தால் கதவு காப்பாற்றும் என்று அர்த்தம்.

தைப்பூசம் முடிந்த வாரம், நாலாம் நம்பர் மெஷினைச் செட் பண்ணி என் வீட்டுக்காரரிடம் கொடுத்த அண்ணன், தன் காந்தத்தைச் சுவிட்சிலேயே விட்டுவிட்டார். கதவு அதன்மேல் மூடிக்கொண்டது, வெளியே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கட்டரில் அலுமினியச் சுருள் சுற்றிக்கொண்டது. என் வீட்டுக்காரர் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். அவருடைய காந்தம் உள்ளே இருந்தது. மெஷின் தானாகக் கட்டர் மாற்றிக்கொள்கிற நேரம், சுழற்சி நின்றிருந்தது. கதவைத் திறந்தால் மெஷின் செத்ததுதானே என்று தைரியமாக வலது கையை உள்ளே விட்டார். மெஷின் சாகவில்லை. அடுத்த கட்டர் பூட்டிக்கொண்டு சுழல ஆரம்பித்தது.

பருத்திக் கையுறை போனது. கை வெளியே வந்தது. நடுவிரல் நுனியில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மத்தியானம் மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர்தான் பலமாகச் சிரித்தார். அண்ணன் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. மறுநாள் ஒவ்வொருவரிடமும் போய்க் காந்தத்தைத் திருப்பிக் கேட்டார். ஒருவரும் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் மேசையில் வைத்தே கேட்டார்.

"மறந்தது நீங்கண்ணே. எங்க காந்தம் எங்க பாக்கெட்டுல பத்திரமாத்தான்லா இருக்கு."

"நான்தான் தம்பி மறந்தேன். நாளைக்கு நீ மறப்ப. அப்ப கையுறையோட போவாது."

ஒரு வாரம் கேட்டுப் பார்த்தார். அந்த ஒரு வாரமும் அவருக்குள் என்ன ஓடியது என்று இப்போது எனக்குப் புரிகிறது. வாயை மூடிக்கொண்டிருந்தால் மேசை மிஞ்சும். பேசினால் ஒரு கை மிஞ்சும், ஆனால் மேசை போய்விடும். வாழ்க்கையில் அவருக்கென்று இருந்ததே அந்த மேசை ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் அறைக்குப் போய், கிழிந்த கையுறையை வைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். செய்தவன் நான், கொடுத்தவன் நான் என்று பழியைத் தன்மேலேயே போட்டுக்கொண்டாராம். மேனேஜர் அவரை இரண்டு வாரம் வெளியே நிறுத்தினார். ஏழு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சுவிட்சுகள்மேல் இரும்பு மூடி அடித்தார்கள். ஆனால் மேனேஜர் கேட்கிற எண்ணிக்கை மட்டும் ஐம்பதாகவே இருந்தது. கதவை மூடிக்கொண்டு ஐம்பது எடு என்றால் எப்படி எடுப்பது? ஆட்கள் ஓய்வு நேரத்தையும் தின்று ஓட்டினார்கள். கோபத்தை மேனேஜரிடம் காட்ட ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. காட்டுவதற்கு வசதியாகப் பக்கிரிசாமி அண்ணன் இருந்தார்.

அவர் திரும்பி வந்த முதல் நாளே குழாயடி மேசை காலி. நானும் என் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சாயங்காலம் பெரியில் அவர் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, ஊர் கேட்க நான் கேட்டேன்.

"ஒங்களுக்குக் குடும்பமா, பிள்ளைகுட்டியா? எங்க வயித்துல ஏண்ணே அடிக்கிறீங்க?"

வழக்கம்போல யோசித்துத்தான் பதில் சொன்னார். இந்த முறை நான் எழுந்து போக முடியவில்லை, நடுக்கடல்.

"இல்லதாம்மா" என்றார்.

எழுந்து போய் அந்தப் பக்கம் நின்றுகொண்டார். அதற்குப் பிறகு எட்டு மாதம் ஒரே பெரியில் போனோம், ஒரே பஸ்ஸில் போனோம், ஒரு வார்த்தை இல்லை. மெஷினைச் செட் பண்ணிக் கொடுத்துவிட்டு, சரி என்பதற்குத் தலையை மட்டும் ஆட்டுவாராம். பதிலுக்குத் தலையாட்டக்கூட அங்கே ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகச் சொல்வார். நானும் கேட்டுக்கொண்டு குழம்பு ஊற்றுவேன்.

கடைசியில் ஜொகூரில் தங்கை வீட்டுப் பக்கம் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டோம். எங்கள் தொழிற்சாலையில் வேலையை விட்டுப் போகிறவர், கூட வேலை செய்தவர்களுக்கெல்லாம் ஏதாவது வாங்கிக் கொடுப்பது வழக்கம். அண்ணன் உள்ளே கிழங்குக் கறி வைத்துப் பொரித்த கறிபாப் நாற்பது வாங்கி வந்து, கேன்டீன் நடுமேசையில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். பத்து மணி ஓய்வு முடிந்தது. மத்தியானச் சாப்பாடும் முடிந்தது. துப்புரவு செய்யும் நூர்ஜான் அக்கா மட்டும் இரண்டு எடுத்துக்கொண்டு, நல்லா இருங்க தம்பி என்று சொன்னார். சங்கு ஊதியதும் அண்ணன் பெட்டியைக் கட்டித் தூக்கிக்கொண்டார்.

பெரியில் எங்கள் பெஞ்சுக்கு வந்தார். கயிற்றை அவிழ்த்து, பெட்டியை என் வீட்டுக்காரர் முன்னால் நீட்டினார். என் வீட்டுக்காரர் கடலைப் பார்த்தபடியே வலது கையால் பெட்டியைத் தள்ளிவிட்டார். அண்ணன் அந்தக் கையையே பார்த்தார். ஐந்து விரலும் இருந்தன.

பிறகு பெட்டி என் பக்கம் வந்தது. நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.