சோற்றில் வரம்பு கட்டிய அக்கா

சனிக்கிழமை பகல் பதினொன்றரை. வெக்ஸ்போர்ட்டில் அக்காவின் அப்பார்ட்மென்ட் வாசலில் தம்பி குகனின் பழைய கார் உறுமிக்கொண்டு நிற்கிறது. அக்கா இன்னும் சேலைக்கு ஊசி குத்தி முடிக்கவில்லை. லண்டனிலிருந்து நான் வந்தது நயாகரா பார்க்க என்று எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தேன். உண்மையில் குகன்தான் கூப்பிட்டான். "அக்கா ஓமெண்டாத்தான் கலியாண எழுத்து, அண்ணை. இல்லாட்டி எனக்குக் கலியாணமே வேண்டாம்" என்று தொலைபேசியில் குரல் உடைந்து சொன்னான். அவன் விரும்பும் மரிசெல் பிலிப்பைன்ஸ்காரி. அம்மா போனபின் எங்கள் இருவரையும் ஆளாக்கியவள் அக்கா. அவள் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். இதுவரை அந்தப் பெண்ணின் பெயரைக்கூட வாயில் எடுக்கவில்லை.

"சாப்பிட்டிட்டு வந்திடுவம். கலியாணக் கதை ஒருத்தரும் எடுக்கக் கூடாது" என்ற நிபந்தனையோடுதான் காரில் ஏறினாள்.

நானூற்றொன்று நெடுஞ்சாலையில் மேற்கே ஒரு பதினைந்து கிலோமீற்றர். பதர்ஸ்ட் வீதியும் வில்சன் அவெனியூவும் சந்திக்கும் மூலையில், சலவைக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே மரிசெல் வீட்டாரின் சாப்பாட்டுக் கடை. பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட சில மேசைகள், அவ்வளவுதான். ஆனால் கதவைத் திறந்ததும் விறகுப் புகையும் உள்ளியும் வினாகிரியும் சேர்ந்து ஒரு வாசம் வந்தது பாருங்கள், காலையில் சாப்பிட்ட பாண் எந்த மூலைக்குப் போனதோ தெரியாது! மரிசெலின் அப்பா டெக்சசில் பல வருடம் இறைச்சி சுட்டவர். அங்கே கற்ற புகையில் தன் ஊர்ச் சுவையைப் பூசுகிறார். பன்றி விலா எலும்பு ஒரு தட்டு ஏழு டொலர் தொண்ணூற்றைந்து சதம். தொட்டுக்கொள்ள, தக்காளிக்குப் பதில் வாழைப்பழத்தில் செய்த சிவப்புச் சோஸ்.

மரிசெல் வீட்டாரும் எங்களோடு மேசையில் இருக்க, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு வந்தது. குடும்பமாக வருகிறவர்களுக்கு அங்கே தட்டு வைப்பதில்லை. மேசை நீளத்துக்கு வாழையிலை விரித்து, நடுவில் சோற்றைக் கொட்டி, சுற்றிவர கோழியும் விலாவும் பப்பாக்காய் அச்சாறும் பரப்பினார்கள். குகன் சொல்லிவைத்ததால் மாட்டிறைச்சி இல்லை. வாழையிலையைக் கண்டு மலர்ந்த அக்காவின் முகம், எல்லோருக்கும் ஒரே இலைதான் என்று தெரிந்ததும் சுண்டிப்போனது.

"உதென்னடா, எல்லாற்றை எச்சிலும் ஒண்டாயே?" என்று என் காதில் சீறினாள்.

"சும்மா இரு அக்கா, ஆக்கள் பாக்கினம்."

சும்மா இருப்பாளா? தன் முன்னால் கொஞ்சம் சோற்றை ஒதுக்கி, மிச்சச் சோற்றோடு முட்டாமல், வயலுக்குக் கட்டுவதுபோல் வரம்பு கட்டினாள். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. குகன் தலையைக் குனிந்துகொண்டான். சரி, எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

எதிரே இருந்த மரிசெலின் அம்மா அதை உற்றுப் பார்த்தார். பிறகு தன் பக்கச் சோற்றிலும் அதேபோல் கவனமாக ஒரு வரம்பு கட்டினார். அப்பாவும் கட்டினார். மரிசெலும் நாக்கைக் கடித்துக்கொண்டு கட்டினாள். எங்கள் ஆட்கள் சாப்பிடுமுன் செய்யும் சடங்கு என்று எண்ணிவிட்டார்கள், பாவங்கள்! "சரியாகச் செய்கிறோமா?" என்று அந்த அம்மா ஆங்கிலத்தில் அக்காவையே கேட்டார்.

அக்கா அந்த மூன்று வரம்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள் ஒரு சிரிப்பு, பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். சிரித்தபடியே புறங்கையால் தன் வரம்பை அழித்தாள். கோழித் துண்டொன்றைப் பிய்த்து, சாப்பிட்ட அதே கையால் மரிசெலின் பக்கம் வைத்தாள்.

"சாப்பிடு பிள்ளை. ஆறப்போகுது."

மரிசெலுக்குத் தமிழ் தெரியாது. சாப்பிட்டாள்.

மூன்று மணிக்குப் புறப்பட்டோம். லண்டனில் நான் தனியே தட்டை மடியில் வைத்து டிவி பார்த்துச் சாப்பிடுகிறவன். வயிறு நிறைந்திருந்தும் எழும்ப மனமே வரவில்லை.

கார் பதர்ஸ்டில் திரும்பியதும் அக்கா வாய் திறந்தாள்.

"றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் ஐயரிட்டை நாள் கேப்பம். சாப்பாடு இவையின்ரை கடையிலைதான். கோயிலுக்கை கோழி விடமாட்டினம்."

குகன் காரை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து விம்மினான்.

"நடு றோட்டிலை நிண்டு அழாதை, பொலிஸ் வரப்போறான்" என்று அக்கா அதட்டினாள். அவள் குரலும் அவ்வளவு சரியில்லை.