காது குத்தியாச்சு

துணியில் தையல் கோணிப்போனால் பிரித்துவிட்டு மறுபடியும் தைக்கலாம். தோலில் அந்தக் கதையே கிடையாது. ஊசி இறங்கிய இடத்தில் ஓட்டை ஓட்டைதான். நூலை உருவிவிட்டாலும் வரிசையாகப் புள்ளிகள் நின்று காட்டிக்கொடுக்கும். கார் சீட்டுகளுக்குத் தோல் உறை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிற அவளுக்கு, பெடலை மிதிப்பதற்கு முன் ஒரு கணம் நின்று யோசிப்பது முதலில் காலுக்குப் பழகி, பிறகு குணத்துக்கே பழகிவிட்டது. யார் எதைக் கேட்டாலும் "இருங்க, இருங்க" என்பாள். பட்டறையில் அவள் பெயரே 'இரு இரு' என்று ஆகிப்போனது. கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்ட மனிதனிடமும் அதையேதான் சொன்னாள். பேக்கரியில் ராத்திரி முழுக்க மாவு பிசைகிற ஆள். மாவு உப்புகிறவரை காத்திருந்து பழக்கம். அதனால் அவள் சம்மதத்தையும் காத்திருந்து வாங்கிக்கொண்டான்.

குழந்தை பிறந்தது. பஞ்சு மாதிரி இருந்ததால் 'பஞ்சு' என்று கூப்பிட்டார்கள். தலை நிற்க ஆரம்பித்ததும் காதுப் பேச்சு வந்தது.

பேச்சை எடுத்தவள் கணவனின் அக்கா. முடி வெட்டும் கடை வைத்திருப்பவள், காது ஒவ்வொன்றிலும் மூன்று கம்மல். இப்போதே குத்திவிட்டால் குழந்தைக்கு நினைவிருக்காது, வளர்ந்தபின் பயந்து ஓடும் என்பது அவள் கட்சி. இவளுக்கோ தன் காதைத் தடவிப் பார்க்கிற பழக்கம் உண்டு. கைக்குழந்தையாக இருந்தபோது குத்தியது. காது வளர வளர இடது ஓட்டை கீழே இறங்கிவிட்டது. எந்தக் கம்மலைப் போட்டாலும் முகமே கொஞ்சம் சாய்ந்த மாதிரி தெரியும். ஆனாலும் கடைக் கண்ணாடியில் குட்டிக் கம்மல்களைப் பார்த்தால் அவள் கால் நிற்கத்தான் செய்தது. குத்தலாம் என்றும் வாய் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. கணவனைக் கேட்டால், அக்கா பேசும்போது அந்தப் பக்கம் தலையாட்டுவான், மனைவி பேசும்போது இந்தப் பக்கம். "டேபிள் ஃபேன்" என்று அக்கா அவனுக்குப் பட்டம் கொடுத்திருந்தாள். அந்த அக்காவுக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. பால் பொங்கி வழிந்தால், "அடுப்பு பால் குடிச்சிடுச்சு" என்பாள்.

கடைசியாக அவளே ஒரு வார்த்தை கொடுத்தாள். "நீ சொல்லாம ஒரு ஊசியும் பக்கத்துல வராது. போதுமா?"

போதும் என்று நம்பித்தான் இவள், பிள்ளையை அண்ணியிடமும் கணவனிடமும் விட்டுவிட்டு, விடுப்பு முடிந்து வேலைக்குக் கிளம்பினாள். அன்றைக்கு அவளுக்கிருந்த கவலை காது இல்லை, பாட்டில். ஒரு வாரமாக எத்தனை முறை கொடுத்துப் பார்த்தும் பஞ்சு ரப்பரை நாக்கால் தள்ளிவிட்டு, அம்மாவையே தேடியது.

மதியம் லாக்கரைத் திறந்து போனை எடுத்தாள். அண்ணியின் குரல் செய்தி ஒன்று இருந்தது.

"உன் மகளுக்குக் காது குத்தியாச்சு, கவலைப்படாதே. முதல்ல கொஞ்சம் சிணுங்கினா, அப்புறம் கப்சிப். இவன்தான் மடியில வெச்சுக்கிட்டான். இப்போ நல்லாத் தூங்கறா."

பின்னால் அவள் கணவன் சிரிப்பது கேட்டது.

அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. மறுபடி போட்டுக் கேட்டாள். அதே வார்த்தைகள், அதே சிரிப்பு. திரும்ப அழைத்தாள், யாரும் எடுக்கவில்லை. கணவனின் போனுக்கு அழைத்தபோது 'செய்தியைச் சொல்லுங்கள்' என்றது. சொன்னாள். அவள் வாழ்க்கையிலேயே 'இருங்க' இல்லாமல் பேசிய பேச்சு அதுவாகத்தான் இருக்கும்: "உங்க அக்கா இனிமே இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. மிதிச்சா நானும் பிள்ளையும் இருக்க மாட்டோம்."

சூப்பர்வைசரிடம் என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஏப்ரனைக் கழற்ற மறந்து பஸ் ஏறியிருந்தாள். கண்ணை மூடினால் பட்டுப்போன்ற அந்தக் காது மடலும், அதில் வரிசை தப்பிய ஒரு புள்ளியும் தெரிந்தன. நேற்று ராத்திரிகூட அதைத்தான் முத்தமிட்டுத் தூங்கவைத்தாள்.

கதவைத் திறந்த அண்ணி உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். இவள் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், அப்படியே நின்றாள்.

நாற்காலியில் கணவன் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மேல் அவளுடைய பூப்போட்ட நைட்டி. மாவு பிசைந்து முறுக்கேறிய தோளில் மாட்டி, அக்குளில் தையல் விட்டுப்போயிருந்தது. மடியில் பஞ்சு, நைட்டியில் முகம் புதைத்துத் தூங்கியது. பக்கத்தில் காலிப் பாட்டில்.

குனிந்து ஒரு காதைப் பார்த்தாள். மெல்லத் தலையைத் திருப்பி இன்னொன்றையும் பார்த்தாள். பிறந்தபடி இருந்தன.

"எங்க குத்தினீங்க?" என்றாள்.

"எதை?"

"காதை."

அண்ணி ஒரு நொடி விழித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். "ஏமாத்திட்டோம்னு சொன்னேன்டி. உன் வாசனை வந்தாத்தான் குடிப்பேன்னு அடம். உன் நைட்டிய இவனுக்கு மாட்டிவிட்டேன். அம்மான்னு நம்பிப் பாட்டிலைக் காலி பண்ணிட்டா."

சிரிக்கச் சிரிக்க இவள் முகத்தை அண்ணி பார்த்தாள், ஏப்ரனைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"உன்னைக் கேக்காம குத்திடுவோம்னு நெனச்சியா?"

காலிப் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தான் இல்லாமலே பிள்ளைக்கு வயிறு நிறைந்துவிட்டிருந்தது. மேசை மேல் கணவனின் போன் விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே அவள் குரல் காத்திருந்தது.

"நெனச்சேன் அண்ணி," என்றாள். "உங்களை இந்த வீட்டுக்குள்ள விடக் கூடாதுன்னு அதுல பேசியும் வெச்சிருக்கேன்."

அண்ணி போனைப் பார்த்தாள். எடுக்கவில்லை. காதோரம் இருந்த கடைசிக் கம்மலைத் திருகினாள்.

"சரி, குத்தலாமா வேண்டாமா? அதையாவது இன்னிக்குச் சொல்லிடு. இனிமே வாய் தவறிக்கூட அந்த வார்த்தை எனக்கு வராது."

"வேண்டாம். அவளுக்கு ஆசை வந்து அவளே கேக்கட்டும். அப்போ நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்."

'இருங்க' இல்லாமல் அன்று அவள் பேசிய இரண்டாவது பேச்சு. அண்ணி உடனே தலையாட்டவில்லை. "அன்னிக்கும் நீ 'இரு இரு'ன்னுதானே சொல்லப்போறே," என்று முனகிவிட்டு, விட்டுப்போன தையலைப் பார்க்க நைட்டியின் கையைத் தூக்கினாள்.

அதில் கணவன் விழித்தான், பஞ்சுவும் விழித்தது. நைட்டியை முகர்ந்தது. நிமிர்ந்து மீசையைப் பார்த்தது. எதிரே ஏப்ரனோடு நிற்கும் அம்மாவைப் பார்த்தது. மறுபடி மீசையைப் பார்த்தது.

பிறகு, ஓட்டை விழாத காதுவரை சிவக்க, வீடே அதிரும்படி அழ ஆரம்பித்தது.